இடது கைக்கு ஒரு வரைபலகை

நான் எழுதுவது வலது கையால், வரைவது இடது கையால். இந்த ஏற்பாடு ஆறு வயதிலேயே முடிவாகிவிட்டது. திருவாடானைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இடது கையால் பலப்பம் பிடித்த என்னை டீச்சர் விரலில் தட்டித் தட்டி வலது கைக்கு மாற்றினார். படம் வரைவதை யாரும் கவனிக்கவில்லை, அதற்கு மதிப்பெண் கிடையாது. அதனால் அந்த ஒரு வேலை மட்டும் இடது கையிலேயே தங்கிவிட்டது.

முப்பத்தெட்டு வயதுவரை இதனால் எனக்கு ஒரு தொந்தரவும் வந்ததில்லை. ராமநாதபுரத்தில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் சேர்ந்த பிறகுதான் வந்தது.

உப்பூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் பகுதிநேர ஓவிய ஆசிரியை. வாரத்தில் மூன்று நாள், அதுவும் அரைநாள். காலையில் பஸ் ஏறிப் போய், பிள்ளைகளுக்கு மாம்பழமும் தேசியக் கொடியும் வரையக் கற்றுக்கொடுத்துவிட்டு, மத்தியானம் திரும்பி வந்து கடையில் உட்காருவேன். பள்ளி இல்லாத நாட்களில் முழுநாளும் கடைதான். கணவர் ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். மகள் பதினொன்றாம் வகுப்பு. இரண்டு வேலையும் சேர்ந்தால்தான் என் பங்குக்கு வீட்டில் ஏதோ ஓடும்.

கடையில் மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று மாறி மாறி வரும். எல்லாமே தயாராக இருக்கும் படங்களை ஒட்டி, பெயரை மாற்றும் வேலை. மவுஸ் மேசைக்கு வலது பக்கம். இடது பக்கம் சுவர். வயரும் எட்டாது. அதனால் வலது கையாலேயே பழகிக்கொண்டேன். ஒட்டுவதற்கும் வெட்டுவதற்கும் அது போதும்.

ஒருநாள் ஒரு கிராமத்தில் மண்குதிரை சுமக்கும் புரவி எடுப்புத் திருவிழாவுக்கு அய்யனார் முகம் கேட்டார்கள். இருக்கிற படம் எதுவும் பிடிக்கவில்லை, புதிதாக வேண்டுமாம். ஒரு மத்தியானம் முழுக்க மவுஸைப் பிடித்துக்கொண்டு போராடினேன். முதலாளி பின்னால் வந்து நின்று பார்த்தார்.

“டீச்சரு, நீங்க டிராயிங் டீச்சருன்னு சொல்லித்தான வந்தீக? என்ன இது, அய்யனாருக்கு ஒரு கண்ணு திருவாடானையப் பாக்குது, ஒரு கண்ணு சாயல்குடியப் பாக்குது?”

எனக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கம் திருப்பி, பென்சிலை இடது கையில் எடுத்து அதே முகத்தை வரைந்து காட்டினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவர் தாளைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இத இப்படியே கம்ப்யூட்டர்ல வரைய முடியாதா?”

“அதுக்குத் தனியா டேப்லெட் இருக்குண்ணே. பேனா மாதிரி பிடிச்சு வரையலாம்.”

“அப்ப வாங்குங்க,” என்றார். யார் வாங்குவது என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும்.

அன்றிலிருந்து பஸ்ஸில் அதுவே என் வேலையாயிற்று. ராமநாதபுரத்தில் ஏறினால் தேவிபட்டினம் தாண்டிப் பள்ளிக்கூடம் சேரும்வரை போனில் வீடியோக்களாகப் பார்த்துக்கொண்டே போவேன். முதலில் இரண்டு ரகம் என்று புரிந்தது. ஒன்று திரை உள்ளது. பேனாவுக்கு அடியிலேயே கோடு தெரியும். அதன் விலையை ஒரு தடவை பார்த்துவிட்டு மேலே தள்ளிவிட்டேன். இன்னொன்று திரை இல்லாத வெறும் கறுப்புப் பலகை. கை பலகையில் போகும், கோடு கம்ப்யூட்டர் திரையில் விழும். நமக்கு இதுதான் என்று முடிவு செய்தேன்.

அத்தோடு முடியவில்லை. அதிலேயே சின்னது, நடுத்தரம், பெரியது. சின்னதில் மணிக்கட்டை மட்டும்தான் அசைக்க முடியும், வலி வரும் என்றார் ஒருவர். பெரியதை வைக்க என் மேசையில் இடமில்லை. ஒரு மத்தியானம் கடையில் கீபோர்டுக்கும் சுவருக்கும் நடுவே ஸ்கேல் வைத்து அளந்தேன். நடுத்தரத்துக்கே அளவெடுத்தாற்போலத்தான் இடம் இருந்தது. சார்ஜ் ஏற்றும் பேனாவா, ஏற்ற வேண்டாத பேனாவா என்பது அடுத்த கேள்வி. அப்புறம் அழுத்தம். நாலாயிரம் அளவு, எட்டாயிரம் அளவு, பதினாறாயிரம் அளவு என்று போட்டிருந்தார்கள். லேசாக அழுத்தினால் மெல்லிய கோடு, பலமாக அழுத்தினால் தடித்த கோடு, அதை அத்தனை படியாகப் பிரித்து உணருமாம். எட்டாயிரம் விதமாக என் கை எதை அழுத்தியிருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். நின்றுகொண்டே போகிற நாட்களில் பஸ் கம்பியை அழுத்தியிருக்கிறேன்.

வாங்கியவர்கள் எழுதியதைப் படித்தால் இன்னும் குழப்பம். இதைவிட நல்லது உலகத்தில் இல்லை என்று ஒருவர் எழுதியிருப்பார். அவருக்கு அடுத்த வரியிலேயே இன்னொருவர், மூன்றாம் நாளே பேனா செத்துவிட்டது என்று எழுதியிருப்பார். வசதி உள்ளவர்கள் ஒன்றை வாங்கிப் பார்த்து, பிடிக்காவிட்டால் இன்னொன்று வாங்குவார்கள். எனக்கு ஒரு தடவைதான். அந்த ஒரு தடவை தப்பாகிவிடக் கூடாது என்ற பயத்திலேயே மூன்று வாரம் போயிற்று. பஸ்ஸை விட்டு இறங்கும்போது கண் எரியும். எதைப் பார்த்தேன் என்று ஒன்றும் நினைவில் நிற்காது.

கணவர் சாயங்காலம் போனில் பேசும்போது, “என்ன, குரலே சரியில்ல?” என்றார். விஷயத்தைச் சொன்னேன்.

“இவ்வளவுதான? இங்கன மலிவாக் கிடைக்கும். நம்ம ரூம்ல ஒரு ஆளு ஊருக்கு வாராரு. குடுத்து விடுறேன்.”

எனக்குப் பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. தேர்ந்தெடுக்கும் வேலையை இன்னொருவர் எடுத்துக்கொண்டாரே என்ற நிம்மதி. அதனால் என்ன மாடல், என்ன அளவு என்று எழுதி அனுப்பக்கூட இல்லை. அந்தத் தப்பு என்னுடையதுதான்.

பெரியபட்டினத்துக்காரர் ஒருவர் லீவில் வந்தபோது பையைக் கொண்டுவந்து கொடுத்தார். சோப்பு, பேரீச்சம்பழம், பால் பவுடர் டின், அதற்கடியில் ஒரு அட்டைப் பெட்டி. பெட்டி மேல் என் கணவர் கையெழுத்தில் ‘ஓவிய டீச்சருக்கு’ என்று எழுதியிருந்தது. கீழே அச்சடித்த படத்தில் ஒரு சின்னப் பிள்ளை சூரியன் வரைந்துகொண்டிருந்தது.

மகள் பிரித்துப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினாள். “அம்மா, இது எல்.கே.ஜி. பிள்ளைக கிறுக்குற சிலேட்டும்மா.”

அப்படித்தான். பிளாஸ்டிக் குச்சியால் எழுதினால் கலர் கலராகக் கோடு விழும். ஒரு பொத்தானை அழுத்தினால் மொத்தமும் அழிந்துவிடும். கம்ப்யூட்டரோடு சேர்க்க ஒரு வயரும் இல்லை.

அன்று சாயங்காலமே கணவர் கூப்பிட்டார். “எப்படி இருக்கு?”

“நல்லாருக்குங்க.”

“சின்னதும் இருந்துச்சு. உனக்குக் கை காணாதுன்னு பெருசாப் பாத்து வாங்கினேன்.”

“நல்ல பெருசாத்தான் இருக்கு.”

நாலு நாள் இப்படியே சமாளித்தேன். ஐந்தாம் நாள், ஏதாவது வரைந்து போட்டோ எடுத்து அனுப்பு, ரூமில் காட்டணும் என்றார். சிலேட்டில் ஒரு நாட்டுப்படகு வரைந்து அனுப்பினேன். ரூமில் எல்லோரும் நல்லா இருக்கு என்றார்களாம். மறுநாள் அவரே கேட்டார்.

“ஆமா, அந்தப் படகக் கம்ப்யூட்டருக்கு எப்படி ஏத்துவ?”

இதற்கு மேல் பொய் சொல்ல வழியில்லை. “ஏத்த முடியாதுங்க. இது வேற. நான் கேட்டது வேற.”

அவர் பின்னால் ஏதோ மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

“அத ஏன் முதல்லயே சொல்லல?”

“நீங்க ஆசையா வாங்கி அனுப்புனீங்க.”

“ஆசையா வாங்குனா? சிலேட்ட வச்சுக் கடை வேலை பாப்பியா?” குரலில் சிரிப்பு இல்லை. “நான் கடைக்காரன்கிட்ட டிராயிங் டேப்லெட்டுன்னுதான் கேட்டேன். எனக்கென்ன தெரியும்? சரி, ஏணி மேல நிக்கிறேன். பொறவு பேசுறேன்.”

இரண்டு நாள் அவரும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. இத்தனை நாள் நான் நடித்ததுதான் அவருக்கு உறுத்தியிருக்கும். வெளிநாட்டில் இருப்பவரிடம் எல்லாம் நல்லாருக்கு என்று சொல்லிச் சொல்லி அது எனக்குப் பழகிப் போயிருந்தது. கரண்ட் இல்லையென்றாலும் சொல்வதில்லை, காய்ச்சல் என்றாலும் சொல்வதில்லை. அவரும் அப்படித்தானே அங்கே இருப்பார் என்று அந்த இரண்டு நாளில்தான் எனக்குத் தோன்றியது. மூன்றாம் நாள் கூப்பிட்டு, “நீயே பாத்து வாங்கு. உனக்கு என்ன வேணும்னு உனக்குத்தான் தெரியும்,” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

மறுபடியும் பஸ், மறுபடியும் வீடியோ. ஒருவழியாக ஒரு பலகையை மனதில் வைத்துக்கொண்டு முதலாளியிடம் போய், கம்ப்யூட்டரில் அதற்கான சாஃப்ட்வேரை ஏற்ற வேண்டும் என்றேன். அவர் பதறிப்போனார்.

“அதுல மட்டும் கைய வச்சுராதீக டீச்சர். பிரிண்டரு அதுலதான் ஓடுது. கம்ப்யூட்டர் பழசு, பிரிண்டரும் பழசு. புதுசா மாத்துனா ரெண்டும் பேசிக்கிறாது.”

விசாரித்துப் பார்த்ததில், நான் எழுதி வைத்திருந்த பலகைகள் எதுவும் அவ்வளவு பழைய கம்ப்யூட்டரில் ஓடாது என்று தெரிந்தது. மூன்று வாரம் பார்த்துச் சேர்த்த பட்டியல் ஒரே மத்தியானத்தில் காலியாயிற்று. எனக்கு இனிமேல் பழைய மாடல்தான் ஆகும். பழையது கடையில் கிடைக்காது, யாராவது வைத்திருந்தால்தான் உண்டு.

பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சரிடம் இதைப் புலம்பினேன். அவர்தான் சொன்னார், திருவாடானையில் தனக்குத் தெரிந்த ஒரு பெண் ஊரடங்குக் காலத்தில் ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுத்தவர், அப்போது ஒரு பலகை வைத்து எழுதிக் காட்டுவார், இப்போது சும்மா கிடக்கும் என்று. சனிக்கிழமை போனேன்.

கோயிலுக்குப் பின்னால் ஒரு தெரு. அந்தப் பெண் என்னைவிட நாலைந்து வயது இளையவர். இப்போது கணவரோடு மருந்துக் கடையில் நிற்கிறாராம். எனக்காகக் கடையிலிருந்து வந்திருந்தார். பீரோவிலிருந்து பலகையை எடுத்து மேசை மேல் வைத்தார். நடுத்தர அளவு. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்துத் தேய்ந்திருந்தது.

“எழுதி எழுதி அப்படி ஆயிருச்சு. ஆனா வேலை செய்யும்,” என்றார்.

“எத்தனை பிள்ளைக படிச்சாங்க?”

“ஒரு நேரத்துல நாப்பது பேரு. திண்டுக்கல்லுல இருந்தெல்லாம் படிச்சாக. பொறவு பள்ளிக்கூடம் தொறந்தாக. எல்லாம் போயிருச்சுக. நல்லதுதான். எனக்குத்தான் காலையில எந்திரிச்சா என்ன செய்யுறதுன்னு கொஞ்ச நாளு தெரியல.”

அவருடைய மடிக்கணினியில் வயரை மாட்டினார். நான் பேனாவை இடது கையில் எடுத்ததைப் பார்த்தார். “இடது கையா? அதுக்கும் இதுல இருக்கு, இருங்க,” என்று எதையோ திறந்தார். திரையில் ‘வலது கை’, ‘இடது கை’ என்று இரண்டு கட்டம். இடது கையில் ஒரு டிக். பலகையைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார், பொத்தான்கள் எல்லாம் வலது பக்கம் வந்துவிட்டன. என் வாழ்க்கையில் இதுவரை எந்தப் படிவமும் அதைக் கேட்டதில்லை. அந்த டிக்கையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் கோடு போட்டேன். கை ஒரு பக்கம் போக, கோடு இன்னொரு பக்கம் போயிற்று. வட்டம் போட்டால் நசுங்கின முட்டையாக வந்தது.

“கையப் பாக்காதீக. திரைய மட்டும் பாருங்க,” என்றார். “நான் ஒரு வாரம் அழுதேன். ஏழுன்னு எழுதுனா ஒண்ணுன்னு வரும்.”

அவர் சொன்ன விலை என் கைக்கு அடங்கியது. பேரம் பேச வாய் வரவில்லை. பழைய கம்ப்யூட்டரில் ஓடுகிற அந்தக் காலத்து சாஃப்ட்வேரையும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். எனக்கு அதுதான் பலகையைவிடப் பெரிது. தேய்ந்த பேனா முனையைப் பிடுங்கிப் புதியதை மாட்டிக் காட்டி, மிச்சமிருந்த நாலு முனைகளை மாத்திரைக் கவரில் போட்டு மடித்தார். வயரைச் சுற்றுவதற்கு முன்னால் தானே பேனாவை எடுத்து ஒரு சமன்பாட்டை மளமளவென்று எழுதினார். கோடு கொஞ்சமும் பிசகவில்லை. எழுதி முடித்துவிட்டு, “சரி,” என்று மடிக்கணினியை மூடினார்.

கடையில் ஏற்றும்போது முதலாளி என் பக்கத்திலேயே நின்றார். ஏற்றி முடித்ததும் ஒரு சின்ன ஃபிளெக்ஸை அடித்துப் பார்த்து, பிரிண்டர் ஓடியதும்தான் டீ குடிக்கப் போனார்.

அடுத்த பதினைந்து நாள் நன்றாக இல்லை. பத்து வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு வட்டம் போடச் சொல்லிக் கொடுத்தவள், சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸை ஒரு பக்கம் தள்ளிவிட்டு வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். நூறு வட்டம் போட்டால் பத்து தேறும். கை இடத்தைத் தேடும், கண் கையைத் தேடும். நிமிர்ந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். ஒருநாள் முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, “மவுஸே தேவலாம் போலயே,” என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் வாங்கியாயிற்று. திருப்பிக் கொடுக்க முடியாது என்பதால்தான் விடாமல் போட்டேன் என்று நினைக்கிறேன். மூன்றாவது வாரத்தில் ஒரு மத்தியானம், பலகை இருக்கிற நினைப்பே இல்லாமல் ஒரு குத்துவிளக்கை வரைந்து முடித்திருந்தேன். எப்போது கை பழகியது என்று எனக்கே தெரியவில்லை.

அதற்குச் சில நாள் கழித்து ஒரு பெண் கடைக்கு வந்தார். பாம்பன் பக்கம், கடல்பாசி எடுக்கிற குடும்பம். நாற்பத்தைந்து வயதிருக்கும். முகமெல்லாம் உப்பும் வெயிலும் தின்றிருந்தது. ஒரு பிளாஸ்டிக் கவருக்குள்ளிருந்து ஆதார் கார்டை எடுத்து மேசை மேல் வைத்தார்.

“அம்மா போயி வருசம் திரும்புதுண்ணே. ஒரு ஃபிளெக்ஸ் போடணும்.”

முதலாளி கார்டை ஸ்கேன் செய்து பெரிதாக்கினார். நகத்தளவுப் படம். பெரிதாக்கப் பெரிதாக்கப் புள்ளிகள்தான் வந்தன. “இத நாலடிக்கு இழுத்தா மூஞ்சியே தெரியாதுத்தா. வேற போட்டோ இல்லையா?”

“இல்லண்ணே. கல்யாண வீட்டுல எடுத்ததுல எல்லாம் ஓரமா நிக்கும். இல்லாட்டி திரும்பிக்கிரும்.”

முதலாளி என்னைப் பார்த்தார். “டீச்சர் வரைஞ்சு தருவாக,” என்றார். நான் வரைகிறேன் என்று சொல்லவே இல்லை. அன்று காலையில்தான் பள்ளிக்கூடத்தில் நாலு வகுப்பு எடுத்துவிட்டு வந்திருந்தேன். பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பெண் அதற்குள் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

கார்டுப் படத்தை அடியில் மங்கலாக வைத்துக்கொண்டு அதன் மேல் கோடு இழுத்தேன். நெற்றி, மூக்கு, தாடை. அரை மணி நேரத்தில் ஒரு முகம் வந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

“இது அம்மா இல்ல,” என்றார்.

“கார்டுல இருக்கிற மாதிரியேதான இருக்கு?”

“கார்டுல இருக்கிற மாதிரிதான் இருக்கு. கார்டுல இருக்கிறதே அம்மா மாதிரி இல்ல.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: “அது எடுக்கையில ரேகை விழுகல. பாறையில பாசி பறிச்சுப் பறிச்சு விரலெல்லாம் வழுவழுன்னு போயிருச்சு. திரும்பத் திரும்ப வைக்கச் சொன்னாக. ரேகை இல்லாட்டி கார்டு இல்லன்னு சொல்லிருவாகளோன்னு பயந்துபோயி உக்காந்திருந்துச்சு. அந்த நேரத்துல எடுத்தது.”

மறுபடியும் பார்த்தேன். ஆமாம், அது பயந்த முகம். நான் பயத்தைத்தான் சிரத்தையாக வரைந்து வைத்திருந்தேன்.

அடியில் இருந்த படத்தை மறைத்துவிட்டேன். “நீங்க சொல்லுங்கக்கா, நான் வரையிறேன்.”

“இடது கண்ணு கொஞ்சம் சுருங்கி இருக்கும். தண்ணிக்குள்ள பாத்துப் பாத்து அப்படி ஆயிருச்சு.”

சுருக்கினேன். “இவ்வளவு இல்ல.” திரும்ப அழித்தேன். “ஆங். புருவம் இல்லாத மாதிரி இருக்கும், அவ்வளவு மெலிசு.” குறைத்தேன். கன்னம் இன்னும் ஒட்டி இருக்கும் என்றார், ஒட்ட வைத்தேன். இல்லை, அது கடைசி நாளில், எனக்கு அந்த முகம் வேண்டாம் என்றார். மறுபடியும் பழைய கன்னம். தாளாக இருந்தால் இந்நேரம் கிழிந்திருக்கும். இதில் ஒரு பொத்தானை அழுத்தினால் முந்தின கோட்டுக்குப் போய்விடலாம். எத்தனை தடவை போனேன் என்று தெரியாது.

வாய்க்கு வந்தபோது நின்றுவிட்டோம். “சிரிச்சா எப்படி இருப்பாங்க?” என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். பிறகு வலது கையைத் தூக்கித் தன் வாயை மூடிக்கொண்டார். “இப்படித்தான். பல்லு ஒண்ணு முன்னால நிக்கும். அதுக்கு வெக்கப்பட்டுக்கிட்டு எப்பச் சிரிச்சாலும் கைய வச்சு மூடிக்கிரும்.”

“அப்ப சிரிக்கையில வாய நீங்க பாத்ததே இல்லையா?”

“கண்ணுதான் தெரியும்.”

அதனால் கண்ணிலிருந்து கீழே இறங்கினேன். கண்ணோரம் இரண்டு சுருக்கம், அதற்கேற்பக் கன்னம் கொஞ்சம் மேலே. வாயைத் திறந்து வைத்துப் பார்த்தோம். யாரோ வேறு ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். மூடினேன். ஓரத்தை மட்டும் தூக்கினேன்.

“இன்னும் இறுக்கமா. சிரிப்ப அடக்குற மாதிரி.”

ஒரே ஒரு கோடு. அதை மூன்று தடவை போட்டேன். மூன்றாவதைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவர் திரையைப் பார்த்தபடியே இருந்தார். அவருடைய கை மறுபடியும் வாய்க்குப் போயிருந்தது. கண்ணில் தண்ணீர் நின்றது, வழியவில்லை.

“இது சரியா இருக்காக்கா?”

தலையை மட்டும் ஆட்டினார்.

முதலாளி வந்து, வழக்கம்போலப் பின்னணிக்குக் கடல் படம் ஒன்றை எடுத்து வைத்தார். சூரியன் மறைகிற கடல், பறவைகள் எல்லாம் இருக்கும்.

“கடலு வேணாம்ண்ணே.”

“கடல்கார ஆளுகளுக்கு அதான போடுவோம்?”

“அது உசுரோட கடல்ல கிடந்தது போதும். ஏதாவது மரம் போடுங்க.”

வீட்டுப் பக்கத்தில் என்ன மரம் நிற்கிறது என்று கேட்டேன். பூவரசு என்றார். முகத்துக்குப் பின்னால் ஒரு பூவரசங்கிளையை வரைந்தேன், மஞ்சள் பூ இரண்டோடு. அதற்கு அவர் ஒன்றும் திருத்தம் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்துக் கடை நம்பருக்குப் போன் செய்தார்.

“தங்கச்சி ஒத்துக்கிற மாட்டேங்குது டீச்சர். அம்மா மூக்கு இப்படி இல்லங்குது.”

“மாத்தித் தரட்டுமாக்கா?”

“வேணாம். அதுக்கு அப்படி இருந்திருக்கும். எனக்கு இப்படி. அடுத்த வருசம் அது காசு போட்டு அது சொல்லுற மாதிரி வரைஞ்சுக்கிறட்டும்.”

அந்த ஃபிளெக்ஸை யார் யாரோ பார்த்திருக்கிறார்கள். முதலாளி கடை வாசலில் ‘போட்டோ சரியில்லையா? வரைந்து தரப்படும்’ என்று ஒரு போர்டு மாட்டிவிட்டார். அதிலிருந்து வாரத்துக்கு மூன்று, நான்கு முகம். ரேஷன் கார்டிலிருந்து, பழைய கல்யாண ஆல்பத்திலிருந்து, தண்ணீர் பட்டு உரிந்த பாஸ்போர்ட் படத்திலிருந்து. பக்கத்து ஸ்டூலில் ஒரு மகனோ மனைவியோ உட்கார்ந்துகொள்வார்கள். மூக்கு இப்படி இல்லை, காது அப்படி இல்லை என்பார்கள். சில பேர் நடுவில் எழுந்து வெளியே போய் நின்றுவிட்டு வருவார்கள். அவர்கள் போன பிறகு நான் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த மஞ்சள் நீராட்டுக்கு உட்காருவேன். முதலாளி சம்பளத்தில் கொஞ்சம் கூட்டினார். இப்போது இடது மணிக்கட்டில் வலி வருகிறது. ஒருநாள் வகுப்பில் சாக்பீஸைப் பிடிக்க முடியாமல், பிள்ளைகளை அவரவர் செருப்பைப் பார்த்து வரையச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

போன மாதம் சாயல்குடியிலிருந்து ஒரு பெரியவர் தனியாக வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் சீப்பு. யாருடைய படம் என்று கேட்டேன்.

“என் படந்தான்,” என்றார். “பிள்ளைக கையில விட்டா எதையாவது போட்டு வச்சிருவானுக. மீசை எப்படி இருக்கணும்னு நான் இருக்கையிலேயே சொல்லிப் போடணும்ல?”

முதலாளி சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். பெரியவர் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து, சீப்பை எடுத்து மீசையை வாரிக்கொண்டார். நான் பேனாவை எடுத்தேன். மீசை முனை மேலே போகணும் என்றார், போட்டேன். முடி இவ்வளவு நரைக்கவில்லை என்றார், கருப்பாக்கினேன். கண்ணுக்கு வந்தபோது பதில் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால், சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போயிருந்தார். காலையில் எத்தனை மணிக்குப் பஸ் ஏறினாரோ.

எழுப்ப மனம் வரவில்லை. வரைந்தவரை சேமித்துவிட்டு, பேனாவைக் கீழே வைத்து, மணிக்கட்டை மெல்லத் தேய்த்துக்கொண்டு நானும் நாற்காலியில் சாய்ந்தேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவராக விழித்துக்கொள்ளும்வரை இருவரும் அப்படியே இருந்தோம்.